மாடா, மேசையா?

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வேலைக் காலம் முழுவதும் காதில் பென்சில் செருகியிருந்தவன்தான் நான். ஆனால் அது பலகையில் கோடு போடுவதற்கு. அந்தக் கோட்டையும் வேறொருவர்தான் அறுத்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். இரண்டு தரப்பிலும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இப்படிப்பட்டவன் நம் மரவேலைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலரில் கட்டுரை எழுதுகிறான் என்றால், மலரில் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காரணம் கன்னியப்பன். எங்கள் கம்பெனியில் என்னோடு ஆணி அடித்தவன். இப்போது சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தின் பொதுப் பட்டறைக்கு ஒரு ரம்பம் வாங்குவதென்று போன மாதம் முடிவு செய்தார்கள். எந்த ரம்பம் என்று முடிவு செய்யவில்லை. அதற்குள் சங்கத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. நிலையாக நிற்கும் மேசை ரம்பம்தான் வேண்டும் என்று ஒரு கட்சி. பலகையின் மேல் தண்டவாளம் வைத்து அதன்மேல் ஓட்டுகிற புது ரம்பம்தான் வேண்டும் என்று இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் தனித்தனி பெஞ்சில் உட்காருகிறார்கள்.

"ஏகா, இந்தச் சண்டைய நாம அன்னிக்கே பாத்துட்டோம்ல? நீ அத்த எழுதிக் குடு" என்றான் கன்னியப்பன்.

"நான் எழுதினா யார்ரா படிப்பா?"

"படிக்கலன்னா இன்னா? பக்கம் ரொம்பணும்ல?"

இதைவிட மரியாதையான அழைப்பு எனக்கு வந்ததில்லை. எனவே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் வாலாஜாபாத் பக்கமிருந்து ஒரு லாரி நிறைய மாமரம் பென்னலூர் அருகே இருந்த பெட்டிக் கம்பெனிக்கு வந்தது. மரத்தின் மேல் நானும் உட்கார்ந்து வந்தேன். மரத்தை இறக்கிக்கொண்டவர்கள் என்னையும் இறக்கிக்கொண்டார்கள். எனக்கு நடந்த இன்டர்வியூ அவ்வளவுதான். கப்பலில் போகிற பெரிய பெரிய இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்கிற கம்பெனி அது. ஊர் ஊராகப் போகிற பெட்டிகளைச் செய்தவர்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகாதவர்கள். எண்பதுகள் முடிவதற்குள், சென்ற ஆண்டு, கம்பெனியே தன்னை மூடிக்கொண்டது. அதனால் தலை முழுவதும் நரைப்பதற்கு முன்பே எனக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. கேட்காமல் கிடைத்த ஒரே சலுகை.

என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். மேசை ரம்பத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வார்ப்பிரும்பில் ஒரு மேசை. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள்ளிருந்து வட்ட ரம்பம் பாதி தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். முன்பக்கம் நிற்கிறவர் பலகையைத் தள்ளுவார். அவர் மெஷின்மேன். பின்பக்கம் நிற்கிறவன் அறுபட்டு வருவதை வாங்குவான். அவன் ஹெல்பர். அது நான். கேட்டவர்களிடமெல்லாம், "கம்பெனியில் வாங்குகிற இடத்தில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பலர் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. கூச்ச சுபாவம்.

வாங்குவது லேசான வேலை இல்லை. பலகையைக் கோணலாக இழுத்தால் ரம்பம் இறுகிக்கொள்ளும். இறுகினால் மேசை உதைக்கும். பலகை தள்ளுகிறவர் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். ஈர மாமரமாக இருந்தால் இன்னும் மோசம். அறுபட்ட வாய் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். அப்போது பின்பக்கத்திலிருந்து அந்த வாயில் ஒரு ஆப்பைச் செருகிப் பிடிக்க வேண்டும். என் இடுப்பில் எப்போதும் ஒரு ஆப்பு இருக்கும். எதிரே நின்றவர் வயிறு அந்த ஆப்பை நம்பி இருந்தது.

எதிரே நின்றவர் லூர்துசாமி. லூர்துண்ணா. இருபது வருஷத்துக்கும் மேல் நானும் அவரும் எதிரும் புதிருமாக, நடுவில் சுற்றுகிற பல்லை வைத்துக்கொண்டு நின்றோம். சத்தத்தில் பேச முடியாது. மரத்தின் வழியாகத்தான் பேச்சு. அவர் கொஞ்சம் அழுத்தினால், முடிச்சு வருகிறது என்று அர்த்தம். நான் கொஞ்சம் தளர்த்தினால், புரிந்தது என்று அர்த்தம். என் மனைவியோடு இவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை.

அவர் இடது கை மோதிர விரலின் நுனி மேசைக்குப் போயிருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மோதரம் போடற அளவுக்கு மிச்சம் வுட்டுச்சே, அது போதும்" என்பார். மேசையில் வேலை செய்த எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் நின்றதால் நான் மட்டும் பத்து விரலோடு இருந்தேன். அது அனுபவக் குறைவாகவே கருதப்பட்டது.

லூர்துண்ணா எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ரம்பத்துக்கும் கனம் உண்டு. போகிற வழியில் அது கொஞ்சம் மரத்தைத் தின்னும். தின்னட்டும். ஆனால் கோட்டைத் தின்னக்கூடாது. கோட்டுக்கு வெளியே, வேண்டாத பக்கத்தில்தான் அது போக வேண்டும். அறுத்து முடித்த பிறகு பென்சில் கோடு அப்படியே பலகை ஓரத்தில் நிற்க வேண்டும். கோடு நின்றால் அளவு நிற்கும். கோடு போனால் பெட்டியின் மூடியில் சந்து விழும். கடல் காற்று உள்ளே போகும்.

"கோட்ட வுட்டு அறு" என்பார். அதாவது கோட்டை விட்டுவிட்டு, அதை ஒட்டி அறு.

எங்கள் ஷெட்டில் ஒருவனை, "அவன் கோட்டை விடுவான்" என்றால் அது பாராட்டு. ஷெட்டுக்கு வெளியே அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது லூர்துண்ணாதான் கூட வந்தார். பெண்ணின் அப்பாவிடம், "பையன் சின்ன வயசுதான், ஆனா நல்லா கோட்ட வுடுவான். நம்பிக் குடுங்க" என்றார். அந்த மனுஷன் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி மேனேஜர். ஒர்க்ஸ் மேனேஜர் வரதராஜன் சார் எங்களிடம் வருவதற்கு முன்பு ஒரு பஞ்சாலையின் ஆபீசில் இருந்தார். பஞ்சைவிட மரம் கனமானது என்று வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு மேல் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நல்ல மனுஷன்தான். யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கு எதிராளி சொல்வதை முழுவதும் கேட்க வேண்டுமே.

அவருடைய காது அப்படி. எந்தப் பதிலிலும் முதல் இரண்டு சொல்தான் உள்ளே போகும். மீதியை அவரே முடித்துக்கொள்வார். ஒரு தடவை கன்னியப்பன் போய், "லீவு வேணாம் சார், ஒரு மணி நேரம் பர்மிஷன் குடுத்தா…" என்று ஆரம்பித்தான். "லீவெல்லாம் கிடையாதுப்பா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கையில் எப்போதும் பளபளவென்று ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். அதை வைத்து எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. நடக்கும்போது உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வருவார். தட்டுகிற வேகத்தை வைத்து நாங்கள் அவர் மனநிலையை அளந்துகொள்வோம். அந்த வகையில் அது அளவுகோல்தான்.

எந்த முடிவானாலும் எங்கள் எல்லோரையும் கூட்டுவார். "நீங்க எல்லாரும் என்ன சொல்றீங்க?" என்பார். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். "நீங்க எல்லாரும் சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் கம்பெனியில் ஜனநாயகம் இருந்தது.

எண்பது பிறந்த சமயம் பழைய மேசையின் அச்சு தேய்ந்து, ரம்பம் தலையாட்ட ஆரம்பித்தது. புதிது வாங்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து முதலாளியின் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தார். பம்பாயில் வளர்ந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது "வணக்கம்", "போதும்" இரண்டும்தான். மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு அது போதுமானது. அவர் கையோடு ஒரு நீலப் பெட்டி கொண்டு வந்திருந்தார்.

பெட்டியைத் திறந்தால் கைக்கு அடக்கமான ஒரு மின்சார ரம்பம். வழவழப்பான அலுமினியத் தண்டவாளங்கள். ஒன்றோடு ஒன்று சேர்த்தால் வேண்டிய நீளத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். இடுக்கிகள், மடக்குக் கால்கள், எதற்கென்றே தெரியாத நாலைந்து திருகுகள். எல்லாம் கழற்றலாம், மாட்டலாம், சேர்க்கலாம், பிரிக்கலாம். "மாடுலர் சிஸ்டம்" என்றார் மாப்பிள்ளை. மேனேஜருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னார்.

"இன்னாபா அது, மாடுலரு?" என்றான் கன்னியப்பன். "மாடுன்னு சொல்லு, வாயில நொழையும்."

அன்று மத்தியானத்துக்குள் அது மாடு ஆகிவிட்டது. "மாடு வந்துட்ச்சி." "மாட்ட பொட்டியில கட்டிட்டாங்களா?" மேனேஜரும் ஒரு தடவை வாய் தவறி மாடு என்று சொல்லிவிட்டு, ஸ்கேலைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினார்.

மாடா, மேசையா என்று மீட்டிங் மேல் மீட்டிங் நடந்தது. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் பஜ்ஜி வந்ததால் முடிவெடுக்க யாருக்கும் அவசரமில்லை. உண்மையில் விஷயம் சிக்கலானதுதான். மேசைக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கம் மூன்று முனையும் சேர்ந்து வருவது கல்யாணத்தில் மூன்று மாமன்களும் சேர்ந்து வருவது மாதிரி. மாட்டுக்கு ஒரு முனை போதும். பெரிய பிளைவுட் தகட்டை மேசையில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மாட்டுக்குத் தகட்டைத் தரையில் போட்டுவிட்டு ஒரு ஆள் குனிந்தால் போதும். மாடு உதைக்காது. இதை மாப்பிள்ளை பலமுறை சொன்னார். மாட்டின் பெயர் தெரிந்த நாங்கள் சிரித்தபோது அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

"ஒரு ஆள் போதும்." எல்லாக் கணக்கும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. இரண்டு ஆளில் எந்த ஆள்?

அதற்கும் மேனேஜர் ஒரு விதி கண்டுபிடித்தார். மெஷின் ஓட்டுகிறவர் மெஷின்மேன், கைக்கருவி பிடிக்கிறவன் ஹெல்பர் என்றுதான் கம்பெனி விதி. மாடு மெஷினா, கைக்கருவியா? வெகுநேரம் யோசித்து, ஸ்கேலைத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மரம் நகர்ந்தா மெஷின். ரம்பம் நகர்ந்தா கைக்கருவி. இதுல ரம்பம்தான் நகருது. ஆக, ஹெல்பர் போதும்."

எவ்வளவு பெரிய தத்துவம்! அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பிறகுதான் அதற்கு அர்த்தம் புரிந்தது. மாடு வந்தால் நான் இருப்பேன். லூர்துண்ணா போவார்.

அவருக்கு ரிடையர் ஆக இன்னும் சில வருஷம் இருந்தது. மெஷின்மேன் வேலை இல்லையென்றால் துறைமுகத்துக் குடோனில் பெட்டி தூக்கலாம் என்றார்கள். அவர் முதுகைப் பற்றித் தெரிந்த எல்லோருக்கும் அது வீட்டுக்குப் போ என்பதன் நாகரிகமான வடிவம் என்று தெரியும். அவருடைய பெரிய மகளுக்கு அப்போதுதான் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணோட அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்கிற காலம்.

மாட்டைப் பழக மாப்பிள்ளை எனக்கு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தார். அவர் இங்கிலீஷில் சொல்வார், நான் தமிழில் தலையாட்டுவேன். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். மாடு நல்ல மாடு. தண்டவாளத்தின் ஓரத்தில் மெல்லிய ரப்பர் விளிம்பு ஒன்று இருக்கும். ரம்பம் சரியாக அந்த விளிம்பை ஒட்டித்தான் போகும். விளிம்பைக் கோட்டின் மேல் பொருத்திவிட்டால் கோடு தண்டவாளத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ரம்பம் வெளியே தின்னும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாங்கவில்லை, தள்ளினேன். எதிரே யாரும் இல்லை. யாருடைய வயிறும் என்னை நம்பி இல்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் தானாக ஓடியது.

"இன்னா ஏகா, மாடு மேய்க்கப் போறியாமே?" என்று எல்லோரும் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு வாத்தியார் சொன்ன ஜோசியம் இப்படிப் பலிக்கும் என்று நினைக்கவில்லை.

லூர்துண்ணா மட்டும் கேட்கவில்லை. சோதனைக்கு முந்தின நாள் டீக்கடையில் கன்னியப்பன்தான் ஆரம்பித்தான்.

"ண்ணா, நாளைக்கு ஏகா கைய கொஞ்சம் ஆட்டிட்டான்னா மேட்டரு முடிஞ்சிட்ச்சி. மாடு பொட்டிக்குள்ள பூடும்."

லூர்துண்ணா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாடா பேசற? அவன் கை ஆடறதுக்கா நான் இத்தினி வர்சம் எதுர்ல நின்னேன்?" பிறகு என்னைப் பார்த்தார். "டேய், கோட்ட வுட்டு அறு. கோடு நிக்கணும். அவ்ளோதான்."

"சரிண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது? "கோடு நின்னா நீ போயிடுவியேண்ணா" என்று சொல்லலாம். ஆனால் டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

சோதனை நாளில் ஷெட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மேனேஜருக்கும் மாப்பிள்ளைக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. மூன்று முனையும் வந்திருந்தது. அதுவே ஒரு அதிசயம்.

முதலில் மாமரப் பலகை. மாட்டின் பெருமையைத் தானே காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் மாமரப் பலகை ஈரத்தில் அறுத்து வெயிலில் காய்ந்தது. படகு மாதிரி வளைந்திருக்கும். அதன் மேல் தண்டவாளத்தை வைத்தால் அது ஊஞ்சல் ஆடியது. அவர் இடுக்கிகளால் இறுக்கினார். தண்டவாளமும் பலகையோடு சேர்ந்து வளைந்தது. அறுபட்டு வந்த துண்டைப் பார்த்து மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்றைச் சொன்னார்: "போதும்."

அதே பலகையை லூர்துண்ணாவும் நானும் மேசையில் அறுத்தோம். வளைந்த பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே. தலையாட்டுகிற அந்தப் பழைய ரம்பமும் அன்று மரியாதையாக நடந்துகொண்டது. மேனேஜர் முகம் மலர்ந்தது.

அடுத்தது பிளைவுட். எட்டுக்கு நாலு தகடு. ஏற்றுமதிப் பெட்டிக்கு மூடி. மேசையில் அதை ஏற்றும்போதே ஒரு முனை தூணில் இடித்தது. நான் பின்னால் போய் வாங்கினேன். பாதி வரை நன்றாகத்தான் வந்தது. பாதிக்கு மேல் தகடு தன் கனத்திலேயே தொங்க ஆரம்பித்தது. நான் தூக்கிப் பிடித்தேன். அவர் அழுத்தினார். கடைசி ஒரு முழத்தில் மரத்தின் வழியாக அவர் எனக்குச் சொன்னது கேட்டது: போச்சு.

ரம்பம் நின்றது. மேனேஜர் வந்தார். "என்ன லூர்துசாமி?"

லூர்துண்ணா பொய் சொல்கிறவர் இல்லை. "கோடு பூட்ச்சி சார், கடைசில…"

"கோடு போயிடுச்சா? வெரி குட்" என்றார் மேனேஜர். கோட்டின் மேலேயே ரம்பம் போயிருக்கிறது; அதைவிட என்ன வேண்டும்? மாப்பிள்ளையிடம் திரும்பி இங்கிலீஷில் அதையே சொன்னார். லூர்துண்ணா வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர் மாட்டின் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்தது நான்.

தகட்டைத் தரையில் சட்டங்களின் மேல் பரப்பினேன். கோடு போட்டேன். இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துத் திருகினேன். சேர்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், தடுக்கவில்லை. விளிம்பைக் கோட்டின் மேல் வைத்து, ஒரு முனையில் முழங்காலை ஊன்றி, தள்ளினேன். கை ஆடவில்லை. ஆட்டவும் இல்லை. இதைக் கன்னியப்பன் இன்றுவரை நம்ப மாட்டான். அதனால் அவன் நடத்துகிற மலரிலேயே எழுதி வைக்கிறேன். அறுத்து முடித்துத் தண்டவாளத்தைத் தூக்கினேன். ஓரம் முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பென்சில் கோடு நின்றது.

நிமிர்ந்தால் எதிரே மேனேஜர், மாப்பிள்ளை, ஆபீஸ்காரர்கள், மொத்த ஷெட்டும். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலையைப் பற்றி, எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாராட்டுச் சொல்லால், மெதுவாகச் சொன்னேன்.

"கோட்ட வுட்டுட்டேன் சார்."

"அடடா" என்றார் மேனேஜர்.

ஸ்கேல் ஒரு தடவை தட்டியது. "கோட்டை விட்டுட்டியா? பரவாயில்லை, பரவாயில்லை. உன் தப்பு இல்லை." உடனே மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் சொன்னார். ஏதோ மிஸ்டேக் என்று மட்டும் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை குனிந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம். அளந்து பார்க்க வேண்டும் என்று கையால் காட்டினார். அளப்பதற்கு ஸ்கேல் வேண்டும். அது மேனேஜர் கையில் தட்டப்பட்டுக்கொண்டிருந்தது. "அறுத்தவனே சொல்றானே" என்கிற மாதிரி மேனேஜர் என்னைக் காட்டினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "யெஸ்?"

"இல்லை சார்" என்று இரண்டே சொல். இரண்டு சொல் என்றால் மேனேஜர் காதில்கூட முழுவதும் போயிருக்கும். அவை என் வாயில் இருந்தன. மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் மேசை. மேசைக்குப் பின்னால் லூர்துண்ணா, தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தகட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்திலிருந்தும் கோடு நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்ச சுபாவம். இதைப் பெருந்தன்மை என்று கன்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நாலு பேர் முன்னால் நான் எப்போது வாயைத் திறந்தேன், அன்று திறக்க? எது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மலரில் எழுதக் கூச்சமாக இருக்கும்.

அப்போது ஆபீசிலிருந்து சாப்பாடு வந்துவிட்டது என்று சொன்னார்கள். மேனேஜர் எல்லோரையும் பார்த்தார். "சரி, நீங்க எல்லாரும் என்ன சொல்றீங்க?" நாங்கள் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் சொன்ன மாதிரியே புது மேசை வாங்கிடலாம்."

வாங்கினார்கள். புது மேசை விரலைக் காக்கிற ஒரு மூடியோடு வந்தது. அந்த மூடி முதல் வாரமே கழற்றப்பட்டு, ஷெட்டின் தண்ணீர்ப் பானைக்குப் பொருத்தமாக அமைந்தது. மாட்டின் ரம்பத்தை மாப்பிள்ளை எடுத்துப் போய்விட்டார். தண்டவாளங்கள் மேனேஜர் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பியாயின. அந்தத் திரை ஒரு நாளும் கோணலாகத் தொங்கியதில்லை. லூர்துண்ணா மெஷின்மேனாகவே இருந்து, மெஷின்மேனாகவே ரிடையர் ஆனார். மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தச் சொல் அச்சிலும் வந்தது.

தனித்தனி பெஞ்சில் உட்காரும் சங்கத்துச் சகோதரர்களுக்கு என் கருத்து: ரீப்பர் சட்டமும் கோணல் மரமும் அறுப்பதானால் மேசை. பிளைவுட் அறுப்பதானால் மாடு. இரண்டும் அறுப்பதானால் இரண்டும். அன்று எங்கள் கம்பெனியில் இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அத்தனை பஜ்ஜி வந்திருக்காது.

சோதனை நடந்த அன்று சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எல்லோரும் போன பிறகு லூர்துண்ணா என் தகட்டின் பக்கம் வந்தார். முழங்காலிட்டு உட்கார்ந்தார். நுனி போன அந்த விரலைக் கோட்டின் மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் விரலைத் திருப்பிப் பார்த்தார். பென்சில் கரி ஒட்டியிருந்தது.

"டேய் ஏகா" என்றார். "கோட்ட வுட்டுட்டியேடா."

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நான் வந்தபோது லூர்துண்ணா மேசையின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஆப்பு இருந்தது. நான் முன்பக்கம் போனேன். மாமரம் அறுத்தோம். நான் தள்ளினேன், அவர் வாங்கினார். பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது.